கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கு எந்த டிரைவ்?

(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)

நம்ம பசங்க கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவதற்காகக் கடை கடையாக ஏறி வாங்கி வரும் கொட்டேஷன்களை இந்த மூன்று வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் வரியில் பிராசஸர். இரண்டாவது வரியில் கிராபிக்ஸ் கார்டு. இந்த இரண்டுக்கும் கேன்டீனில் மணிக்கணக்கில் பட்டிமன்றம் நடக்கும். கேபினெட்டுக்குள் எத்தனை கலர் விளக்கு எரிய வேண்டும் என்பதற்குத் தனிக் கமிட்டியே உட்காரும். கடைசியில், ஜி.எஸ்.டி. கணக்குக்குச் சற்று மேலே, "ஸ்டோரேஜ் - 1 டி.பி." என்று ஒரே ஒரு வரி இருக்கும். என்ன 1 டி.பி.? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா, எந்த ரகம்? கேட்டால், "அதெல்லாம் கடைக்காரரே போட்டுத் தருவார்டா" என்று பதில் வரும். போட்டுத் தருவார்தான். எதைப் போடுவார் என்பதுதானே கேள்வி?

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சொல்லப்போனால் முதல் பகுதி உங்கள் சப்ஜெக்ட்தான்.

சுற்றுகிற தட்டு

ஹார்ட் டிஸ்க் என்பது அடிப்படையில் ஒரு சுழலும் இயந்திரம். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனை தட்டிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதற்குள் அடங்கினாலே பெரிய விஷயம். அன்றிலிருந்து இன்றுவரை தட்டு சின்னதாகி, அதில் அடைக்கும் அளவு கோடி மடங்குக்கு ஏறியிருக்கிறது. ஆனால் தத்துவம் மாறவில்லை. தட்டு சுற்ற வேண்டும், கை நகர வேண்டும், வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பை நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பெரிய சூத்திரம் ஒன்றும் வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் செகண்டுக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய இடம் சில சமயம் உடனே வரும், சில சமயம் முழுச் சுற்று போய்த்தான் வரும். ஆகவே சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி செகண்ட். அதற்கு முன்னால் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். வீட்டு உபயோக டிரைவ்களில் அதற்கு 9 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13. ஒரு செகண்டில் 1000 மில்லி செகண்ட் இருக்கிறது. 13-ஆல் வகுத்தால் 76 அல்லது 77.

அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கேட்டால், செகண்டுக்கு ஏறக்குறைய 76 துண்டுகளைத்தான் அந்த டிரைவால் எடுத்துத் தர முடியும். ஒரு துண்டு 4 கே.பி. என்றால், செகண்டுக்கு வெறும் 300 கே.பி.! டப்பாவின் மேல் "200 எம்.பி." என்று போட்டிருப்பதும் பொய்யில்லை. அது வரிசையாக, ஒரே பெரிய ஃபைலை, தட்டின் வெளி ஓரத்திலிருந்து படிக்கும்போது வரும் வேகம். வெளித் தடம் நீளமானது, ஒரு சுற்றில் அதிக டேட்டா கடந்து போகும். உள் தடத்துக்குப் போகப் போக அந்த வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப கம்ப்யூட்டர் மந்தமாகிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதில் ஒரு பாதி காரணம் இதுதான்.

படம் பார்ப்பது வரிசையாகப் படிக்கும் வேலை. அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கில் எந்தப் படமும் திக்காமல் ஓடுகிறது. கேம் அப்படியல்ல. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் சுவரின் தோல், மரத்தின் இலை, காரின் சத்தம், எதிரியின் நடை என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில் கேட்கும். செகண்டுக்கு 76 துண்டுகள் எந்த மூலைக்கு? அதனால்தான் சுவர் முதலில் மெழுகினாற்போல் மொழுக்கென்று வந்து, நாம் கடந்துபோன பிறகு செங்கல் தெரிகிறது.

சுற்றாத தட்டு

எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. உள்ளே இருப்பது ஃபிளாஷ் மெமரி. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. இன்றைய எஸ்.எஸ்.டி.களில் இருக்கும் நாண்ட் வகையை அவர் குழு 1987-ல் வெளியுலகுக்குச் சொன்னது. நம் லேபில் பார்க்கும் மாஸ்ஃபெட் மாதிரிதான்; கேட்டுக்குக் கீழே மின்காப்புச் சூழ ஒரு சின்னச் சிறை, அதற்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். கரண்ட் போனாலும் அவை தப்பிப் போகாது. எத்தனை அடைந்திருக்கின்றன என்பதை வைத்து 0-வா 1-ஆ என்று படிக்கிறார்கள்.

கை நகர வேண்டியதில்லை, தட்டு சுற்ற வேண்டியதில்லை என்பதால் காத்திருப்பு மில்லி செகண்டிலிருந்து மைக்ரோ செகண்டுக்கு இறங்கிவிடுகிறது. மேலே சொன்ன அதே 4 கே.பி. சிதறல் சோதனையில், ஒரு நேரத்தில் ஒரு துண்டு என்று கேட்டால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. செகண்டுக்கு 35, 40 எம்.பி. தரும். 300 கே.பி. எங்கே, 40 எம்.பி. எங்கே! நூறு மடங்குக்கு மேல். பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க இதைவிட மலிவான வைத்தியம் வேறெதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து என்.வி.எம்.இ. பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விலை ஏறுவது இங்கேதான். சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குக்காகப் போட்ட பாதை. நொடிக்கு 6 கிகாபிட், கழிவு போக 600 எம்.பி., நடைமுறையில் 550. அதற்கு மேல் எவ்வளவு நல்ல சில்லு வைத்தாலும் போகாது. ஆகவே எஸ்.எஸ்.டி.யை கிராபிக்ஸ் கார்டு போகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையிலேயே விட்டார்கள். அந்தப் பாதையில் பேசுவதற்கென்று 2011-ல் எழுதிய மொழிதான் என்.வி.எம்.இ. நான்கு தடம் உள்ள மூன்றாம் தலைமுறைப் பாதையில் சுமார் 3500 எம்.பி., நான்காம் தலைமுறையில் 7000-க்கு மேல், ஐந்தாம் தலைமுறையில் 14000 வரை விளம்பரம் செய்கிறார்கள்.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். 550 எங்கே, 7000 எங்கே, பதிமூன்று மடங்கு வேகமாகக் கேம் திறக்கும் என்று நினைக்கிறார்கள். திறக்காது. அந்த 7000 என்பது பல கோரிக்கைகளை ஒன்றாக வரிசையில் அடுக்கிவிட்டுப் பெரிய ஃபைலைப் படிக்கும்போது வரும் எண். ஒற்றைத் துண்டு சோதனையில் அதே டிரைவ் 60-லிருந்து 90 எம்.பி. வரைதான் காட்டும். சாட்டாவைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அதோடு, டிரைவிலிருந்து வந்த டேட்டா சுருக்கப்பட்ட டேட்டா. அதை விரிப்பது பிராசஸரின் வேலை. டிரைவ் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நிற்கும். பிராசஸர் அவிழ்த்து முடிக்க வேண்டுமே! ஆகவே பெரும்பாலான கேம்களில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் நிமிடக் கணக்கு செகண்ட் கணக்காகிறது. அங்கிருந்து உயர்ந்த ரக என்.வி.எம்.இ.க்கு மாறினால் ஒன்றிரண்டு செகண்ட்தான் மிச்சம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: எந்த டிரைவும் எஃப்.பி.எஸ். எண்ணைக் கூட்டாது. அது கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் போடும் கணக்கு. டிரைவால் தீர்வது இடையிடையே வரும் திக்கலும் லோடிங் நேரமும் மட்டும்தான்.

அப்படியானால் என்.வி.எம்.இ. வேண்டாமா? வேண்டும், ஆனால் காரணம் வேறு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் நொடிக்கு 5.5 ஜி.பி. படிக்கும் எஸ்.எஸ்.டி.யும், மூட்டையை அவிழ்ப்பதற்கென்றே தனிச் சில்லும் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து கேம் எழுதுபவர்கள் வேகமான டிரைவ் இருக்கும் என்று நம்பியே எழுத ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் பக்கம் மைக்ரோசாப்ட் 2022 மார்ச்சில் டைரக்ட் ஸ்டோரேஜ் என்ற வசதியைக் கொடுத்தது. மூட்டை அவிழ்க்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளும் ஏற்பாடு பின்னால் அதில் சேர்ந்தது. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்டு இரண்டுக்கும் எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே போட்டார்கள். அதே வருடம் சைபர்பங்க் 2077-ம் தன் குறைந்தபட்சத் தேவையை எஸ்.எஸ்.டி. என்று மாற்றிக்கொண்டது. போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா? அதோடு சாட்டாவுக்கும் சாதாரண என்.வி.எம்.இ.க்கும் பல சமயம் விலையில் பெரிய வித்தியாசமும் இருப்பதில்லை. கேபிள் தொல்லையும் கிடையாது.

ஹார்ட் டிஸ்க்குக்காக ஒரு கேம் எப்படிப் பருத்தது என்பது சுவாரசியமான கதை. 2024-ல் வெளிவந்த ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம், கம்ப்யூட்டரில் வளர்ந்து வளர்ந்து 154 ஜி.பி. அளவுக்குப் போய்விட்டது. காரணம்? தட்டில் கை அங்குமிங்கும் ஓடக் கூடாது என்பதற்காக, ஒரே மரம், ஒரே பாறை, ஒரே சத்தத்தை ஒவ்வொரு இடத்தின் டேட்டாவுக்குப் பக்கத்திலும் மறுபடி மறுபடி நகலெடுத்து வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு உதவி செய்யப்போய், எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவரின் இடம் பறிபோனது. 2025 டிசம்பரில் அந்த நகல்களையெல்லாம் நீக்கிய பதிப்பை விட்டார்கள். அளவு 23 ஜி.பி.யாக இறங்கியது! வேடிக்கை என்னவென்றால், அளந்து பார்த்ததில் ஹார்ட் டிஸ்க்காரர்களுக்குக்கூட லோடிங் சில செகண்ட்தான் கூடியதாம். நேரத்தைத் தின்றது டிஸ்க் அல்ல, களத்தை உருவாக்கும் கணக்குதான் என்று அவர்களே சொன்னார்கள். ஊகத்தை நம்பி வருடக்கணக்கில் நூற்று முப்பது ஜி.பி. சுமந்திருக்கிறார்கள். நம் புராஜெக்ட் கைடு கேட்பது போல, "அளந்து பார்த்தியாப்பா?" என்று யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்.

எவ்வளவு பெரியது?

1 டி.பி. வாங்கிப் போட்டால் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் திருடவில்லை. டிரைவ் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 500 ஜி.பி. வாங்கினால் 465 தெரியும். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150, ஸ்டார்ஃபீல்டுக்கு 125 ஜி.பி. கேட்கிறார்கள். இரண்டே கேமில் 275. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஒரு பங்கு. பிறகு ஆட்டோகேட், கெய்ல், புரோட்டியஸ் என்று நம் படிப்புச் சமாச்சாரங்கள். (வீட்டில் பணம் கேட்கும்போது இவற்றை முதலில் சொல்லவும்.) டிரைவைக் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. பத்திலொரு பங்காவது காலியாக விட்டால்தான் எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கன்ட்ரோலர் மூச்சுவிட்டு வேலை செய்யும். ஆகவே 500 என்பது நெருக்கடி, 1 டி.பி. என்பது நிம்மதி. பணம் இல்லையா, 500-ஐ வாங்கிவிட்டு மதர்போர்டில் இன்னொரு எம்.2 இடம் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். இந்தத் துறையில் விலை ஏறுவதும் இறங்குவதும் வாடிக்கை. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. ஒரேயடியாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

டி.எல்.சி., க்யூ.எல்.சி. என்று டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். ஒரு சிறையில் மூன்று பிட் அடைத்தால் டி.எல்.சி., எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் க்யூ.எல்.சி., பதினாறு நிலைகள். மலிவு, ஆனால் எழுதுவது மெதுவாகும், ஆயுள் குறையும். மெதுவைத் தெரியாமல் மறைக்க, காலியிடத்தில் கொஞ்சத்தை ஒற்றை பிட்டாகப் பயன்படுத்தி வேகமாக எழுதிக்கொள்வார்கள். அது நிரம்பியதும் சாயம் வெளுத்துவிடும். சாம்சங் 870 க்யூ.வி.ஓ. 1 டி.பி. டிரைவுக்கு அந்தக் கம்பெனியே கொடுத்த கணக்கு: முதல் 42 ஜி.பி. வரை முழு வேகம், அதன்பின் நொடிக்கு 80 எம்.பி. நண்பன் டிரைவிலிருந்து 150 ஜி.பி. கேமை நகலெடுத்தால் மீதி 108 ஜி.பி.க்கு மட்டும் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு இன்டர்நெட் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு வருவதே 12.5 எம்.பி.தான். டவுன்லோடு செய்து விளையாடுபவருக்கு இந்த மெதுவு கண்ணிலேயே படாது. படிக்கும் வேகம் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே க்யூ.எல்.சி. என்றாலே குப்பை என்று யூடியூப்பில் கத்துவதை அப்படியே நம்ப வேண்டாம். விண்டோஸ் இருக்கும் முதல் டிரைவ் டி.எல்.சி., கேம் கிடங்கு க்யூ.எல்.சி. என்றால் தப்பில்லை. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் மட்டும் க்யூ.எல்.சி.யைத் தொடாதீர்கள்.

மாடல் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2021-ல் க்ரூஷியல் பி2 என்ற டிரைவ் முதலில் டி.எல்.சி.யோடு வந்து, பிறகு அதே பெயரில், அதே டப்பாவில் க்யூ.எல்.சி.யாக மாறியது பத்திரிகைகளில் நாறியது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதிய சரக்கை வாங்கும் ஆபத்து இது.

ஆயுள் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. நல்ல 1 டி.பி. டி.எல்.சி. டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டி.பி. எழுதலாம் என்று வாரன்ட்டி தருகிறார்கள். தினம் ஒரு 100 ஜி.பி. கேம் போட்டு அழித்தாலும் 6000 நாள், பதினாறு வருடம். அதற்குள் நமக்கே கல்யாணமாகி, பிள்ளைகள் அந்த கம்ப்யூட்டரை ஓரங்கட்டியிருப்பார்கள்.

டி-ராம் இல்லாத டிரைவ் வாங்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். எந்த டேட்டா எந்தச் சில்லில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளத்தான் அந்த டி-ராம். என்.வி.எம்.இ. என்றால் கம்ப்யூட்டரின் ராமிலேயே கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும், கேமுக்குப் போதும். சாட்டா பாதையில் அந்தக் கடன் வசதி கிடையாது. ஆகவே டி-ராம் இல்லாத சாட்டா டிரைவில் விண்டோஸ் போடாமல் இருப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்குக்கு வேலை உண்டா?

உண்டு. படம், பாட்டு, பழைய கேம்கள், வீட்டுப் போட்டோக்கள் என்று ஒரு ரூபாய்க்கு அதிக ஜி.பி. வேண்டுமென்றால் இன்னும் அதுதான். வாங்கும்போது எஸ்.எம்.ஆர். வகையா, சி.எம்.ஆர். வகையா என்று மட்டும் பாருங்கள். எஸ்.எம்.ஆர். என்றால் ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதுவது. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதே கஷ்டம்தான். கேம் அப்டேட் நடுநடுவே எழுதும் வேலை, ஆகவே பொருந்தாது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. 2020 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளே எந்தெந்த மாடல் எஸ்.எம்.ஆர். என்பதைச் சொல்லாமல் விற்றதாகப் பிரச்சினை கிளம்பி, பிறகு பட்டியல் வெளியிட்டார்கள். மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி. இருக்கும்போது போட்டோவுக்கு எதற்குத் தட்டு என்று கேட்கலாம். எஸ்.எஸ்.டி.யில் ஒரு ஃபைலை அழித்தால், டிரிம் என்ற கட்டளை போய், கன்ட்ரோலர் அந்த இடத்தைத் துடைத்துவிடும். பிறகு எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது. ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறு எழுதாதவரை பெரும்பாலும் மீட்கலாம். அதேபோல, முழு ஆயுளும் எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி. கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் டேட்டாவைக் காத்தால் போதும் என்பதுதான் அந்தத் துறையின் தர விதி. நம்ம ஊர் பீரோவுக்குள் மே மாதம் எத்தனை டிகிரி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புதிய டிரைவ் அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் பீரோவில் வைத்து மறந்துவிடும் பொருளல்ல அது.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஹாஸ்டலில் என் எதிர் அறை நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கம்ப்யூட்டரில் எந்தக் கேம் போட்டாலும் நடுவில் இரண்டு மூன்று செகண்ட் உறைந்து நின்றது. அவன் ஊர்க் கடையில், "கிராபிக்ஸ் கார்டு பத்தலை தம்பி, மாத்தினா சரியாயிடும்" என்று சொல்லி, பதினெட்டாயிரத்துக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அவன் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தார். நான் க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை! 'சி5' என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் தகராறு செய்யும் செக்டர்களின் எண்ணிக்கை, 64. அரைமணி கழித்து மறுபடி பார்த்தால் 88. டிஸ்க் நம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதைத்தான் கேம் உறைந்தது என்று பார்த்திருக்கிறோம். கிராபிக்ஸ் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேமை விடுங்கள். அந்த டிஸ்க்கில்தான் இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போன அவன் அப்பாவின் போட்டோக்கள் எல்லாம் இருந்தன. அவர் போனிலிருந்து எடுத்து வைத்த ஒரே நகல், 31 ஜி.பி. கேம்களுக்கு நடுவே ஒரு ஃபோல்டர். டிஃப்ராக், ஸ்கேன் டிஸ்க், ஃபார்மட் என்று எதையும் தொடாமல், முதலில் அந்த ஃபோல்டரை மட்டும் வெளி டிரைவுக்கு நகலெடுக்கப் போட்டோம். சாயங்காலம் ஆரம்பித்தது, ராத்திரி இரண்டு மணிக்கு முடிந்தது. அவன் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "தம்பி, இவங்கப்பா போட்டோ எல்லாம் வந்துடுச்சாப்பா?" பதினோரு போட்டோக்கள் வரவில்லை. மற்றவை வந்துவிட்டன. பதினெட்டாயிரத்தில் மூன்றிலொரு பங்குகூட ஆகாமல் ஒரு எஸ்.எஸ்.டி.யும், போட்டோவுக்கென்று தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினோம். இப்போது அந்த ஃபோல்டர் மூன்று இடத்தில் இருக்கிறது.

ஆகவே கேம் உறைந்தால் முதலில் அந்த சாஃப்ட்வேரைப் பாருங்கள். 05, சி5, சி6 இந்த மூன்று வரியிலும் கச்சா மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் சாட்டா கேபிள் கோளாறு, மாற்றினால் தீர்ந்தது.

ரிச்சி தெருவுக்குப் போகுமுன்

சென்னையில் ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது 09 என்ற வரியைப் பாருங்கள். அது ஓடிய மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8760 மணி. சிசிடிவி ரெக்கார்டரிலிருந்து கழற்றிய டிஸ்க் இரவு பகலாக ஓடியிருக்கும். 26,000 என்று இருந்தால் மூன்று வருடம் நிற்காமல் ஓடியது என்று அர்த்தம். இந்த எண்ணையே பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு. 2025 துவக்கத்தில் ஜெர்மனியில், டேட்டா சென்டரில் பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் டிஸ்க்குகளை எண்ணை அழித்துப் புதியது என்று விற்ற மோசடி வெளிவந்தது. அந்த டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடும் உள்ளே இருந்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே எண் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் மயங்காமல், சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரன்ட்டி எதுவரை என்று கடையில் நின்றபடியே பாருங்கள். கோபித்துக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள்.

எண்ணூறு ரூபாய்க்கு 2 டி.பி., ஆயிரத்துக்கு 16 டி.பி. என்று ஆன்லைனில் வெளி எஸ்.எஸ்.டி. வருகிறதே, அதை உடைத்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு பசை போட்டு ஒட்டியிருக்கும். பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். எழுதும்போது எல்லாம் சரியாக இருக்கும், நிரம்பியபின் பழையதன் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேர் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்துவிடும். ஒரு ராத்திரி ஆகும், ஆகட்டும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான், வேகத்தின் பெயரல்ல. பார்க்க ஒன்றாகவே இருக்கும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளக் குச்சியில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா குச்சியைச் செருகினால் ஒன்றும் தெரியாது. சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2-ல் டிரைவ் போட்டால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செத்துவிடும். பாதையைப் பங்கு போட்டிருப்பார்கள். மேனுவலில் ஒரு அட்டவணை இருக்கும், கடைக்காரர் படிக்க மாட்டார், நாம்தான் படிக்க வேண்டும். 2014-க்கு முந்தைய போர்டு என்றால் என்.வி.எம்.இ.யிலிருந்து பூட் ஆவதே சந்தேகம், சாட்டா எஸ்.எஸ்.டி.யோடு திருப்தி அடையுங்கள்.

பொருத்தும்போது கையில் ஸ்டேட்டிக் இல்லாமல் கேபினெட் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். குச்சியைச் சாய்வாகச் செருகி, மெதுவாகப் படுக்கவைத்து, அந்தக் குட்டி ஸ்குரூவை முடுக்க வேண்டும். ஸ்குரூ மதர்போர்டு டப்பாவில் தனிப் பொட்டலத்தில் இருக்கும், டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலே மூடும் அலுமினியத் தகட்டின் அடியில் வெப்பத்தைக் கடத்தும் பட்டை ஒன்றும், அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கும். நான் திறந்து பார்த்த கம்ப்யூட்டர்களில் பாதியில் கடைக்காரர் அந்தத் தாளோடு மூடியிருந்தார். உரித்துவிட்டு மூடுங்கள்.